கம்பெனி டைம்

திங்கட்கிழமை காலையில் எனக்கு ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு லேப்டாப் கொடுத்தார்கள். சனிக்கிழமைக்குள் கம்பெனியின் புரோகிராம் அந்த லேப்டாப்பில் ஓட வேண்டும். ஓடினால் நாற்காலி எனக்கு. ஓடாவிட்டால் அடுத்த திங்கட்கிழமை பழையபடி கீழே போய் செக்கிங் டேபிளில் நிற்க வேண்டும். மேனேஜர் இதை ஒளிவு மறைவில்லாமல் சொன்னார்.

"ஓடுச்சுன்னா நீங்க ஆபீசுங்க. இல்லீன்னா வெளிக் கம்பெனிகிட்டக் குடுத்தர்லாம்னு மொதலாளி சொல்றாருங்க. தப்பா நெனைக்காதீங்க கண்ணு."

அந்த டேபிளில் ஆறு வருடம் நின்றிருக்கிறேன். தைத்து வரும் பனியனை ட்யூப்லைட்டுக்குக் கீழே விரித்து, தையல் விட்டிருக்கிறதா, ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை பட்டிருக்கிறதா என்று பார்த்துப் பிழையானதைத் தனியே போடுவதுதான் வேலை. உட்கார்ந்து பார்க்க வழியில்லை. ராத்திரி படுத்தால் கெண்டைக்கால் தனியாகத் துடிக்கும். அப்படி நின்றுகொண்டேதான் தபாலில் கம்ப்யூட்டர் டிகிரி முடித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மாடி அறையில் புரோகிராமிங் வகுப்புக்குப் போனேன். சொந்தக்காரர்கள் நடுவில் எனக்குப் படித்த பிள்ளை என்று பெயர். கம்பெனியில் செக்கிங் பிள்ளை என்று பெயர். இரண்டில் எது உண்மை என்று அந்த ஒரு வாரம் முடிவு செய்யும் என்று நான் நம்பினேன்.

புரோகிராம் என்பது கம்பெனிக்குள் மட்டும் ஓடுகிற ஒரு வெப் அப்ளிகேஷன். பிரவுசரைத் திறந்தால் எந்த ஆர்டர் கட்டிங்கில் இருக்கிறது, எது தையலில் இருக்கிறது, எது பெட்டிக்குள் போய்விட்டது என்று தெரியும். எழுதியவர் வேலையை விட்டு பெங்களூருக்குப் போய்விட்டார். இப்போது செக்கிங் பகுதிக்காக அதில் ஒரு புதுப் பக்கம் சேர்க்க வேண்டும். சேர்ப்பதற்கு முன்னால், இருக்கிற புரோகிராம் முழுவதும் என் லேப்டாப்பில் ஓட வேண்டும். சமைப்பதற்கு முன்னால் அடுப்பு எரிய வேண்டும் அல்லவா, அதுபோல. சமையல் எனக்குத் தெரியும் என்ற தைரியத்தில்தான் ஒப்புக்கொண்டேன். அடுப்பு எரியாது என்று யார் கண்டது.

எழுதியவர் ஒரு குறிப்பு விட்டுப் போயிருந்தார். மூன்றே வரி. இன்ஸ்டால் செய்யவும், ஸ்டார்ட் செய்யவும், பிரவுசரில் பார்க்கவும். இந்த மூன்று வரியை எழுதுவதற்கு ஒரு மனிதன் பெங்களூர் போகும் அளவுக்குப் படித்திருக்க வேண்டியதில்லை. நான் இன்ஸ்டால் செய்தேன். திரை முழுக்கச் சிவப்பு எழுத்து கொட்டியது. என் லேப்டாப்பில் இருந்தது எல்லாமே புது வெர்ஷன். புரோகிராம் கேட்டதோ நாலு வருடத்துக்கு முந்திய வெர்ஷன். பழையதைத் தேடிப் போட்டால், அதோடு வரும் இன்னொன்று இதைவிடப் பழையது வேண்டும் என்றது. அதைப் போட்டால் முதலில் போட்டது உடைந்தது. சாண் ஏறினால் முழம் சறுக்கியது. சாயங்காலம் மேனேஜர் எட்டிப் பார்த்து, "ஓடுதுங்களா?" என்றார். "இன்ஸ்டால் ஆயிட்டிருக்குங்க" என்றேன். அது பொய் இல்லை. ஆறாவது தடவையாக ஆகிக்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை மதியம் வெர்ஷன் சண்டை ஓய்ந்தது. ஸ்டார்ட் செய்தேன். ஒரு ஃபைலைக் காணவில்லை என்றது. டேட்டாபேஸின் பாஸ்வேர்டு, சர்வரின் விலாசம் எல்லாம் இருக்கிற ஃபைல் அது. ரகசியம் என்பதால் அதை மற்றவற்றோடு சேர்த்து வைக்க மாட்டார்கள். எழுதியவரிடம்தான் கேட்க வேண்டும். ஏழு தடவை அழைத்தேன், எடுக்கவில்லை. எட்டாவது தடவைக்குப் பிறகு வாய்ஸ் மெசேஜ் ஒன்று வந்தது. பின்னால் மெட்ரோ ரயில் சத்தம்.

"என் சிஸ்டத்துல நல்லாத்தான ஓடிட்டிருந்துச்சு மேடம்."

எனக்கு வந்த கோபத்தில் அந்த மெசேஜை மூன்று தடவை கேட்டேன். உன் சிஸ்டத்தில் ஓடினால் எனக்கென்ன? உன் வீட்டில் சோறு வெந்தால் என் வயிறு நிறையுமா? இதையெல்லாம் டைப் செய்து அழித்துவிட்டு, "அந்த ஃபைலை மட்டும் அனுப்புங்க சார், ப்ளீஸ்" என்று போட்டேன். புதன்கிழமை காலையில் அனுப்பினார். அதில் பாதி வரிகள் பழையவை. நானே ஒவ்வொன்றாக மாற்றினேன். பதினோரு மணிக்கு முதல்முறையாக லாகின் பக்கம் திரையில் வந்தது. கம்பெனியின் பெயர், அதற்குக் கீழே இரண்டு கட்டம், ஒரு நீலப் பட்டன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பெயரையும் பாஸ்வேர்டையும் அடித்துப் பட்டனை அழுத்தினேன். ஒரு நொடி உள்ளே போனது. மறுபடி லாகின் பக்கத்துக்கே வந்துவிட்டது.

மறுபடி அடித்தேன். மறுபடி உள்ளே போய் வெளியே வந்தது. பாஸ்வேர்டைத் தவறாக அடித்துப் பார்த்தேன். தவறு என்று சொன்னது. அப்படியானால் சரியாக அடித்ததை அது ஏற்றுக்கொள்கிறது. ஏற்றுக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் வாசலுக்கு அனுப்புகிறது. சிவப்பு எழுத்து வந்தாலாவது திட்டுவதற்கு ஒரு முகம் இருந்திருக்கும். உள்ளே எந்தத் தப்பு நடந்தாலும் சத்தமில்லாமல் லாகின் பக்கத்துக்குத் திருப்பிவிடும்படி எழுதி வைத்திருந்தார் அந்த மகராசன்.

புதன் முழுக்க அதோடு மல்லுக்கட்டினேன். பிரவுசரை மாற்றினேன். எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து போட்டேன். இணையத்தில் தேடினேன். செல்போனில் இருக்கும் ஏஐ-யிடம் கேட்டேன். அது பன்னிரண்டு காரணங்கள் அடங்கிய ஒரு பட்டியலைக் கொடுத்தது. நோட்டில் எழுதி ஒவ்வொன்றாக டிக் அடித்தேன். பன்னிரண்டும் முடிந்தது. லாகின் பக்கம் அப்படியே இருந்தது. அன்றைக்கு பஸ்ஸில் நெருப்பெரிச்சல் ஸ்டாப் வரும்வரை யாரிடமும் பேசவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு அம்மாவின் கூடை முழங்காலில் இடித்தபோது மட்டும் தேவையில்லாமல் எரிந்து விழுந்தேன்.

வியாழன் காலையில் மேனேஜர் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். கெட்ட செய்தி சொல்வதாக இருந்தால் மட்டும் அவர் உட்காருவார்.

"வெளிக் கம்பெனி ஆளு சனிக்கெழம வாராருங்க. மொதலாளி வரச் சொல்லிட்டாரு. நீங்களும் காட்டுங்க, அவுரும் பேசட்டும்."

"செரிங்க."

"முடியலீன்னா இப்பவே சொல்லீருங்க கண்ணு. ஒண்ணும் கொறஞ்சு போயராது. செக்கிங்ல உங்களாட்டப் பாக்கறதுக்கு ஆளில்லீங்க."

பாராட்டுத்தான். எனக்கு அது சாபம் மாதிரிக் கேட்டது. "முடியுங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி உட்கார்ந்தேன். புரோகிராமுக்குள் நடக்கும் ஒவ்வொரு அடியையும் திரையில் எழுதிக் காட்டும்படி இருபது இடத்தில் வரிகளைச் சேர்த்தேன். சர்வர் இந்த நேரத்துக்கு அனுமதி கொடுத்தது, லேப்டாப் இந்த நேரத்துக்கு அதைப் பார்த்தது, வேண்டாம் என்றது. ஏன் வேண்டாம் என்றது என்பது மட்டும் தெரியவில்லை. அந்த வரிகளை மதியம் மூன்றரை வரைக்கும் படித்தேன். எழுத்துகள் எறும்பு மாதிரி ஊர ஆரம்பித்ததும் எழுந்து டீ குடிக்கக் கீழே போனேன்.

செக்கிங் டேபிளில் எனக்குப் பக்கத்தில் நிற்கும் அக்கா மதுரைப் பக்கத்தைச் சேர்ந்தவர். பன்னிரண்டு வருடத்துக்கு முன் புருஷனோடு வந்தவர். நான் மேலே போன நாளிலிருந்து என் பங்குத் துணியையும் அவரும் மற்றவர்களும்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மேல போனதுலருந்து ஒம் மூஞ்சியே சரியில்ல புள்ள. அங்க உக்காந்துதானே இருக்க?"

"உக்காந்தே செத்துட்டிருக்கேங்க்கா."

அக்கா சிரித்துக்கொண்டே டீயை என் கையில் கொடுத்தார். "மணி என்ன ஆச்சு?"

செல்போனைப் பார்த்து, "மூணு நாப்பது" என்றேன்.

"செல்லு டைமா, கம்பெனி டைமா?"

கம்பெனியில் மணி கேட்டால் அடுத்த கேள்வி இதுவாகத்தான் இருக்கும். ஆறு வருடத்தில் ஆயிரம் தடவையாவது கேட்டிருப்பேன், பதில் சொல்லியிருப்பேன். அன்றைக்கு டீ கையிலேயே நின்றுவிட்டது.

எங்கள் கம்பெனியில் கேட்டுக்குப் பக்கத்தில் விரல் வைக்கிற மிஷின் ஒன்று இருக்கிறது. அது நேரத்தை ஆபீசில் இருக்கும் சர்வரிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அந்த நேரம் நிஜ நேரத்தைவிடப் பதினைந்து நிமிடம் கூட ஓடும். எட்டரைக்குள் விரல் வைக்க வேண்டுமென்றால் செல்போனில் எட்டேகாலுக்குக் கேட்டில் இருக்க வேண்டும். தாமதமானால் ஒன்பதரை வரை வெளியே நிற்க வேண்டும். சாயங்காலம் விரல் வைக்க வேண்டியதில்லை. மேனேஜரின் செல்போனில் ஐந்தரை ஆனதும் மணி அடிக்கும். இது யாருக்கும் ரகசியமில்லை. எங்கள் லைன் வீடுகளில் சுவர்க் கடிகாரத்தையே கம்பெனி டைமுக்குத் திருப்பி வைத்திருக்கிறோம். எங்கள் வீட்டுக் கடிகாரமும் அப்படித்தான். கூட ஓடும் கடிகாரத்தை நாங்கள் தப்பான கடிகாரம் என்று நினைப்பதை விட்டுப் பல வருடமாகிவிட்டது. பார்த்ததும் மனசு பதினைந்தைக் கழித்துவிடும்.

டீயை அக்காவிடமே கொடுத்துவிட்டு மாடிக்கு ஓடினேன்.

காலையிலிருந்து நான் படித்துக்கொண்டிருந்த வரிகள் திரையிலேயே இருந்தன. சர்வர் அனுமதி கொடுத்த நேரம் மூன்று இருபது. லேப்டாப் அதைப் பார்த்த நேரம் மூன்று ஐந்து. இந்த இரண்டு எண்களையும் ஐம்பது தடவை பார்த்திருக்கிறேன். ஐம்பது தடவையும் என் மனசு கழித்துப் போட்டு, சரியாகத்தான் இருக்கிறது என்று தாண்டிவிட்டது. நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஏஐ கொடுத்த பட்டியலில் ஒன்பதாவது வரி: இரண்டு கம்ப்யூட்டர்களின் கடிகாரமும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கவும். அதற்கு நேராக என் கையாலேயே டிக். பார்க்கவே இல்லை நான். கடிகாரத்தில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று போட்ட டிக்.

நடந்தது இதுதான். பாஸ்வேர்டு சரியாக இருந்தால் சர்வர் ஒரு அனுமதிச் சீட்டு கொடுக்கும். அதில் கொடுத்த நேரம் இருக்கும். என் லேப்டாப் சீட்டை வாங்கிப் பார்த்து, இன்னும் கால் மணி நேரம் கழித்துப் பிறக்கப் போகிற சீட்டு இது, திருட்டுச் சீட்டு என்று கிழித்துப் போட்டிருக்கிறது. எழுதியவரின் பழைய கம்ப்யூட்டர் தன் நேரத்தையும் சர்வரிலிருந்தே வாங்கிக்கொண்டது. அதனால் அவர் சிஸ்டத்தில் நல்லாத்தான் ஓடியிருக்கிறது. அந்த மனிதர் சொன்னது உண்மை என்று தெரிந்தபோது எனக்கு இன்னும் எரிச்சலாக வந்தது.

சோதித்துப் பார்க்க லேப்டாப்பின் நேரத்தைப் பதினைந்து நிமிடம் தள்ளி வைத்தேன். லாகின் செய்தேன். ஆர்டர்கள் வரிசையாகத் திரையில் வந்து நின்றன.

நேராகக் கீழே ஓடினேன். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "கண்டுபிடிச்சுட்டேங்க்கா" என்றேன். "சர்வர் கடிகாரந்தான் கோளாறுங்க. நாளைக்கு அதச் சரி பண்ணிருவேன்."

"சரி பண்ணுனா? கேட்டு மிஷினு?"

"அதும் சரியாயிருங்க. அதுலருந்துதானுங்க அது டைம் எடுக்குது."

"நெசமாவா புள்ள?"

"நெசமாத்தானுங்க. திங்கக்கெழமைல இருந்து செல்லு டைமுக்கே வரலாம்."

டேபிளைச் சுற்றி நின்ற பதினோரு பேரும் துணியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். ஒருத்தி என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு பெரிய ஆளாக இருந்ததில்லை. மனசார அப்படிச் செய்யத்தான் நினைத்தேன். இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை மேனேஜரிடம் விஷயத்தைச் சொன்னேன். சர்வரின் நேரத்தை இணையத்தோடு சேர்த்துவிட்டால் போதும், இரண்டு நிமிட வேலை என்றேன். அவர் என்னைப் பார்க்காமல் சர்வர் இருந்த மூலையைப் பார்த்தார். மானிட்டரின் மேல் பிளாஸ்டிக் டேப்பில் 'டைம் மாத்தக் கூடாது' என்று எழுதி ஒட்டியிருந்தது. ஐந்து நாளாக அதைத் தூசி மாதிரிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

"அதத் தொட வேண்டாங்க கண்ணு."

"அது தப்பான டைமுங்க."

"தப்புன்னு எனக்குத் தெரியாதுங்களா? நானும் டெய்லரா அந்த மிஷினுக்கு ஓடி வந்தவந்தானுங்க. பஸ்சு லேட்டாகும், கேட்டுல கூட்டமாவும்னு அன்னிக்கி வெச்சது. இப்ப மாத்தோணும்னா மொதலாளிகிட்டப் பேசோணும். நாளைக்குக் காட்டற நாளு. இன்னிக்கிப் போயி இதப் பேசச் சொல்றீங்களா?"

அவர் என் லேப்டாப் பக்கம் திரும்பினார்.

"உங்க புரோகிராமையே கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்ல முடியாதுங்களா?"

முடியும். ஒரே வரி. சீட்டில் இருக்கும் நேரம் பதினைந்து நிமிடம் முன்னே பின்னே இருந்தாலும் ஏற்றுக்கொள் என்று எழுதினால் போதும். அப்படியானால் சாயங்காலம் மட்டும் ஏன் உங்கள் செல்போனைப் பார்த்து மணி அடிக்கிறீர்கள் என்ற கேள்வி தொண்டைவரை வந்தது. சனிக்கிழமையும் ஞாபகம் வந்தது. நாலு நாள் இந்த ஓட்டை எங்கே என்று தேடித் தேடி என் மண்டை காய்ந்து போயிருந்தது. இனி யாரோடும் எதற்காகவும் மல்லுக்கட்டத் தெம்பில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"முடியுங்க" என்றேன்.

வரியை எழுதினேன். லேப்டாப்பின் நேரத்தைப் பழையபடி சரியாக வைத்து லாகின் செய்தேன். உள்ளே போனது. உள்ளேயே இருந்தது.

சனிக்கிழமை முதலாளி வந்தார். நான் லாகின் செய்து, ஒரு ஆர்டரைத் திறந்து, செக்கிங் பக்கம் எங்கே வரும் என்று காட்டினேன். நின்றுகொண்டே பார்த்தார். மொத்தம் இரண்டு நிமிடம் இருக்கும். "செரி, இந்தப் புள்ளையே பாத்துக்கட்டும்" என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். வெளிக் கம்பெனி ஆளுக்கு ஒரு காபி கொடுத்து அனுப்பினார்கள். நான் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சந்தோஷத்தைவிட அசதிதான் அதிகமாக இருந்தது.

வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் நான் கீழே போகவில்லை. சோற்று டப்பாவை மாடியிலேயே பிரித்தேன். வேலை மும்முரத்தில் அக்காவிடம் சொல்ல மறந்துவிட்டேன் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் மறக்கவில்லை. கீழே போனால் கேட்பார்கள் என்று தெரியும். அக்காவின் நம்பர் என் செல்போனில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க இருந்தது.

ஆபீஸ் ஆட்கள் விரல் வைக்க வேண்டியதில்லை, ஒன்பது மணிக்கு வந்தால் போதும். திங்கட்கிழமை முதல் நாள் என்பதால் செல்போனில் எட்டு இருபத்தைந்துக்கே போய்விட்டேன். கேட் சாத்தியிருந்தது. வெளியே மதில் ஓரமாகச் செக்கிங் டேபிள் ஆட்கள் பதினோரு பேரும் நின்றிருந்தார்கள். வருஷம் முழுக்க ஒரு நாளும் தாமதமாகாதவர்கள். மிஷினில் எட்டு நாற்பது என்று சிவப்பு எழுத்து எரிந்தது.

அக்கா என்னைப் பார்த்ததும் இரண்டடி முன்னால் வந்தார். "மிஷினு பழைய மாதிரியே ஓடுது புள்ள. கரண்டு கிரண்டு போயிருச்சா?"

"இல்லீங்க்கா. மாத்த விடலைங்க."

"எப்ப?"

"வெள்ளிக்கெழமைங்க."

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எப்பயும் போல ஓடியாந்திருப்போம்ல. இன்னைக்கு நேரங் கெடக்கேன்னு பிள்ளைக்கு ரெட்டச் சடை பின்னி விட்டுட்டு வந்தேன்."

அதற்குள் செக்யூரிட்டி கேட்டில் இருந்த சின்னக் கதவைத் திறந்து பிடித்தார். "ஆபீசுக்காரங்க நீங்க எதுக்குங்க வெளிய நிக்கறீங்க, வாங்க."

குனிந்து உள்ளே போனேன். அவர்கள் ஒன்பதரை வரைக்கும் அங்கேயேதான் நின்றார்கள். என் நாற்காலியிலிருந்து பார்த்தால் கேட் நன்றாகத் தெரியும்.